இலையின் அடிப்பக்கம் பார்த்தவர்

மைனி எதையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்து வாங்கியதில்லை. மாட்டுங்கா சந்தையில் வெற்றிலைக் கவுளியைப் பிரித்து ஒவ்வொரு இலையையும் திருப்பிப் போடுவார். தோசை வந்தால் ஓரத்தைத் தூக்கி அடியைப் பார்ப்பார். சேலைக் கடையில் விற்பவர் முந்தியின் அழகைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் உள்பக்கத்து நூல் முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருப்பார். மைனியின் தலை தெரிந்ததும் கீரைக்காரர் தன் கட்டுகளைப் பார்த்துச் சொல்வார்: "அம்மா வந்துட்டாங்க. எல்லாரும் குப்புறப் படுங்க."

மைனியும் அசரமாட்டார். "படுத்தா நல்லதுதான். எனக்கு வேலை மிச்சம்" என்பார்.

அவர் எனக்கு உறவில்லை. அவருடைய கணவரும் நானும் தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். அவரை அண்ணன் என்பதால் இவர் மைனி. அண்ணனுக்குக் குர்லாவில் லேத் பட்டறை வேலை. பிற்பாடு செம்பூரில் ஒரே ஹவுசிங் சொசைட்டியில் வீடு அமைந்தது. நான் இரண்டாம் மாடி, அவர்கள் நான்காம் மாடி. மைனி ஊரில் வேளாண்மை படித்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபின் ஐரோலியில் ஒரு விதை நிறுவனத்தில் கள அலுவலரானார். பிளாஸ்டிக் கூரை போட்டுக் காய்கறி வளர்ப்பவர்களிடம் போய், கம்பெனி விதை எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பது வேலை. அண்ணன் புனே பட்டறைக்கு மாறியதும் அவர்கள் செம்பூரை விட்டுப் போனார்கள். அதற்கும் சில வருடங்கள் ஆகிவிட்டன.

இந்தத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் தக்காளியிலிருந்து வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். தக்காளி இலைக்கு ஒரு பூஞ்சை நோய் உண்டு. மேலே பார்த்தால் வெயிலில் வெளுத்ததுபோல் மங்கலான மஞ்சள் திட்டு, அவ்வளவுதான். உரம் போதவில்லை என்று எண்ணிவிடுவார்கள். திருப்பினால் அடியில் பாசிப் பச்சையும் பழுப்பும் கலந்த வெல்வெட் துணி ஒட்டியதுபோல் இருக்கும். "மேல் பக்கம் சங்கதி சொல்லாது தம்பி. கீழ பாத்தாத்தான் யாரு வந்து குடியிருக்கான்னு தெரியும்" என்றார். படித்து முடித்த உடனே பழகிய கை. பிறகு இலையோடு நிற்கவில்லை.

அண்ணன் இதை வைத்து விளையாடுவார். "என்னையும் திருப்பிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா. முதுகுல ஒரு தழும்பு இருந்திச்சு. பக்கா மால், ஒரிஜினல் சரக்குன்னு சொல்லிட்டா."

பழைய தாராவியின் கோயில்களும் படிப்பகங்களும் எந்த ஆண்டில் தொடங்கின என்று விசாரித்து எழுதுவது என் வழக்கம். ஒரு கட்டுரையை மைனியிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "நல்லாருக்கு. இந்தக் கோயில் கட்டின வருஷம் போட்டிருக்கியளே, அது யாரு சொன்னது?" கல்வெட்டில் இருக்கிறது என்றேன். "கல்வெட்டு வச்சது எப்பம்?" அதை நான் கேட்டிருக்கவில்லை. மறுவாரம் போய்க் கேட்டேன். கல்வெட்டு, கோயிலைப் புதுப்பித்தபோது வைத்தது. கட்டிய ஆண்டு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அன்றிலிருந்து ஓர் ஆண்டைக் கண்டதும் அது எப்போது எழுதப்பட்டது என்றும் பார்த்துவிடுகிறேன்.

எல்லோருக்கும் இந்தக் குணம் பிடித்ததில்லை. என் தங்கை மகளுக்கு மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு மாப்பிள்ளை பார்க்கப் போனோம். கூடத்தில் புது டைல்ஸ், புது சோபா, கேசரி, பஜ்ஜி. பையனுக்கு நல்ல வேலை. பேச்சு நன்றாகவே போயிற்று. மைனி கை கழுவ வேண்டும் என்று பின்கட்டுக்குப் போனார். போனவர் வர நேரமாயிற்று. திரும்பும்போது டாக்சியில் தங்கையிடம் சொன்னார்: "மூத்த மருமக பின்னால நின்னுட்டிருக்கா. நமக்குப் பஜ்ஜி போட்டவ அவதான். காலையிலேருந்து சாப்பிடலியாம். வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகுதான் அவளுக்காம்."

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. தங்கை வெகு நாள் மைனியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எல்லா வீட்டிலேயும் பின்கட்டுன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும்" என்று என்னிடம் குமுறினாள். எனக்கும் அன்று மைனிமேல் சற்றுக் கோபம்தான். கூடத்தோடு எழுந்து வந்திருக்கலாமே என்று தோன்றியது.

அவருடைய இந்தக் குணத்தை முழுதாக நான் கண்டது எங்கள் மொட்டை மாடியில்.

கோவண்டியைச் சேர்ந்த பேச்சியம்மா என்ற பெண்ணும் அவளுடைய தோழிகள் சிலரும் சேர்ந்து தக்காளி வளர்க்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல்களில் சாலட்டில் போடும் சின்னத் தக்காளிக்கு மழைக்காலத்தில் நல்ல கிராக்கி. வெளியே விளைவது மழையில் அழுகிவிடும். மைனிதான் எங்கள் சொசைட்டியில் பேசி மாடியில் பாதியை அவர்களுக்கு வாங்கிக்கொடுத்தார். வருடா வருடம் கணபதி சிலைகளைக் கரைக்கும் விசர்ஜனம் முடிந்தபின் பொதுக்கூட்டம் கூடி, அனுமதியை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த நாட்களில் நான்தான் சொசைட்டிக்குச் செக்ரட்டரி.

விதை மைனியின் கம்பெனி விதை. அந்த வெல்வெட் பூஞ்சையை எதிர்க்கும் குணம் பிறவியிலேயே உள்ள ரகம். முதல் மழைக்காலத்தில் பக்கத்துக் கட்டட மாடிகளில் தக்காளிச் செடிகள் சருகாகி நின்றபோது எங்கள் மாடியில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. இரண்டாம் வருடமும் அப்படியே. பேச்சியம்மா முன்பு ஒரு வரிசை வைத்திருந்த புளிப்பு நாட்டுத் தக்காளியையும் எடுத்துவிட்டு முழுக்க இதையே போட்டாள். அப்படிச் செய்யச் சொன்னவரும் மைனிதான்.

மும்பை மாடிகளில் புறாத் தொல்லை பெரிது. காய் சிவக்கும் முன்பே கொத்திவிடும், எச்சமிட்டு நாசமாக்கும். மூன்றாம் வருடம் பேச்சியம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். செடிகளுக்கு மேல் போட்டிருந்த கூரையின் பக்கவாட்டில் சுருட்டிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தரைவரை இறக்கி, துணிக் கிளிப்புகளால் இறுக்கி மூடிவிட்டாள். புறா வரவில்லை. காற்றும் வரவில்லை. ஜூலை மழையில் உள்ளே போனால் சோற்றுப் பானைக்குள் தலையை விட்டதுபோல் இருக்கும். சாதாரணத் தக்காளி என்றால் மைனி ஒரு நாளும் விட்டிருக்கமாட்டார். இது பூஞ்சை தொடாத செடியாயிற்றே என்று அவரும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

தஹி ஹண்டி உறியடி முடிந்து தெருவில் சட்டித் துண்டுகள் இன்னும் கிடந்த வாரம் அது, வெள்ளிக்கிழமை காலை. மைனி போன் செய்தார். "செக்ரட்டரி தம்பி, கொஞ்சம் மேல வாங்க."

போனபோது பேச்சியம்மா கையில் கூடையோடு நின்றிருந்தாள். மைனி ஒரு செடியின் அடி இலையை விரலில் ஏந்தித் திருப்பிக் காட்டினார். பாசி நிறத்தில் வெல்வெட். அடுத்த செடியிலும் இருந்தது. அந்த வரிசை முழுக்க இருந்தது.

"வராதுன்னு சொன்னியளே அக்கா" என்றாள் பேச்சியம்மா.

"சொன்னேன். வந்திருக்கு."

"விதை டூப்ளிகேட்டா இருக்குமோ?"

"நானே ஆபீஸ்லேருந்து எடுத்தாந்த பாக்கெட். செடியும் அதே செடி, காயும் அதே காய். மாறினது பூஞ்சைதான்."

பேச்சியம்மா கூடையைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கணபதி பப்பா போற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீய அக்கா. மீட்டிங் முடியட்டும். பெர்மிஷன் கைக்கு வரட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்களும் ஒண்ணும் பாக்கல."

அவள் பயம் நியாயமானது. எங்கள் தண்ணீர்த் தொட்டி அதே மாடியில்தான் இருக்கிறது. மாடியில் பூஞ்சை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கட்டடமே எழுந்து நிற்கும்.

"இன்னைக்கு அடி இலையில இருக்கு" என்றார் மைனி. "மீட்டிங் அன்னைக்குத் தலை வரைக்கும் ஏறியிருக்கும். அப்பமும் நாலு பழம் தொங்கும். சேர்மன் பழத்தைப் பாத்துட்டு கையத் தூக்குவாரு. அடுத்த மாசம் மேல வந்து பாத்தா, நீ பொய் சொல்லி வாங்கினவ ஆயிருவ. அப்புறம் எந்த மாடியும் உனக்குக் கிடைக்காது."

"இந்த மாடி போச்சுன்னா மட்டும் எது கிடைக்கும்? எங்க வீட்டுக்கு மேல தகரம். தகரத்துலயா தக்காளி வைக்க?"

மைனி பக்கவாட்டுத் தாளின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தாளைச் சுருட்டிக் கட்டினார். காற்று உள்ளே வந்தது. "மாடி போகாம நான் பாத்துக்கிடுதேன். ஆனா மறைச்சுக் காப்பாத்த மாட்டேன்" என்றார்.

அன்று அவர் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டுதான் ஐரோலிக்குப் புறப்பட்டார். பூஞ்சை துணியில் ஒட்டிக்கொண்டே போய் அங்குள்ள செடிகளில் ஏறிவிடும் என்றார். இலைகளை உறையில் போட்டு ஆய்வகத்தில் கொடுத்தார். முடிவு வரும்வரை வெளியே பேச வேண்டாம் என்று அவருடைய மேலதிகாரி சொன்னாராம். "ஆய்வகம் பேரு வைக்கட்டும் சார், அது அவங்க வேலை. நான் கண்ணால பாத்ததை நான் சொல்லணும்லா" என்று சொல்லிவிட்டு வந்ததாக அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அண்ணனுக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் கவலை.

அந்த ஞாயிறு காலை மைனி கமிட்டிக்காரர்கள் எல்லோரையும் மாடிக்கு அழைத்தார். கூட்டத்துக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று நான் இழுத்தேன். "அதுக்காகத்தான் இப்பமே" என்றார். எங்கள் சேர்மன் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். நல்ல மனிதர், ஆனால் தண்ணீர் விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். மைனி ஒவ்வொருவர் கையிலும் ஓர் இலையைக் கொடுத்தார். மேல்பக்கம் பார்க்கச் சொன்னார். "குச் நஹீ ஹை" என்றார் சேர்மன். ஒன்றுமில்லையாம். பிறகு மைனி இலையைத் திருப்பச் சொன்னார். சேர்மன் இலையைச் சட்டென்று கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார்.

நோயே வராத செடி என்றீர்களே, எப்படி வந்தது என்று அவர் கேட்டார். அப்போது மைனி சொன்ன விளக்கத்தை, அவர் இந்தியில் சொன்னதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

"நம் வாட்ச்மேனிடம், மீசை வைத்த ஒரு திருடன் வருவான், விடாதே என்று சொல்லி வைத்திருக்கிறோம். மீசையைக் கண்டதும் அவர் கேட்டை மூடிவிடுகிறார். ரொம்பக் கெட்டிக்கார வாட்ச்மேன். இந்த இலையும் அப்படித்தான். பூஞ்சையிடம் உள்ள ஒரே ஒரு அடையாளம் அதற்குத் தெரியும். கண்டதும் அந்த இடத்துத் தன் சதையையே சாகடித்துவிடும். வந்தவனுக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. ஆனால் கோடிக்கணக்கான பூஞ்சை விதையில் ஏதோ ஒன்று மீசையில்லாமல் பிறந்துவிடுகிறது. வாட்ச்மேன் அதற்குச் சலாம் போட்டு லிஃப்டையும் திறந்து விடுகிறார். எல்லா கேட்டிலும் அதே வாட்ச்மேன். அதனால் அதற்கு எல்லா வீடும் திறந்த வீடு."

கீழே நின்றிருந்த வாட்ச்மேனுக்கு மீசை உண்டு. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. சேர்மன் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், இது டேங்க்குக்குள் போகுமா?"

"போனாலும் செத்துப்போகும். இதற்குத் தக்காளி இலையை விட்டால் பிழைப்பில்லை. உங்களையும் என்னையும் ஒன்றும் செய்யாது. டேங்க் மூடியில் விரிசல் இருக்கிறது, அது வேறு கதை. செக்ரட்டரியைக் கேளுங்கள்."

நான் மூடியை மாற்றுவதாக ஒப்புக்கொண்டேன்.

பிறகு யாரும் கேட்காமலே மைனி சொன்னார்: "ஒரே ரகத்தைப் போடச் சொன்னது நான். பக்கத்தை மூடியதைப் பார்த்தும் சும்மா இருந்தது நான். இவர்கள் செய்தது புறாவை விரட்டியது மட்டும்தான்." பேச்சியம்மா தலை நிமிரவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றே மோசமான வரிசைகளைப் பிடுங்கிக் கறுப்புப் பைகளில் இறுகக் கட்டிப் படி வழியாக இறக்கினார்கள். மீதிச் செடிகளில் அடி இலைகளைக் கிள்ளியெறிந்தார்கள். பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாகப் புறா வலை கட்டினார்கள். காற்றோட்டம் வந்ததும் நோய் வேகம் குறைந்தது. மீதிச் செடிகள் ஓரளவு காய்த்தன. அந்த வருடம் வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை.

விசர்ஜனம் முடிந்து கூட்டம் கூடியது. இந்த வருடம் பூஞ்சை, அடுத்த வருடம் என்னவோ, மாடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். தலைகள் ஆடின. பேச்சியம்மா கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சேர்மன் மைனியைப் பார்த்தார்.

மைனி எழுந்தார். மாடி அவர்களிடமே இருக்கட்டும் என்றார். ஒரு ரகம் போதாது, மூன்று ரகம் கலந்து வைப்போம் என்றார். அதுவரை சரி. பிறகு சொன்னார்: "மழை மாதங்களில் மாடியில் ஒரு தக்காளிச் செடிகூட இருக்கக் கூடாது. இதைத் தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள்."

பேச்சியம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவர்களுக்கு நல்ல விலை கிடைப்பதே மழை மாதங்களில்தான். "என்னக்கா இது? அவிய கேக்கவே இல்லையே. நீங்களா வந்து எங்க கையை வெட்டுதிய?"

"கையை வெட்டல. பூஞ்சைக்குச் சோத்தை வெட்டுதேன்" என்றார் மைனி தமிழில். "மழையில இலை இல்லன்னா அது பட்டினி. கம்பி, கயிறு எல்லாம் கழுவி வச்சிட்டு, காஞ்ச காலத்துல திரும்ப ஆரம்பிப்போம். மாடி உனக்கு நிலைக்கணும்னா இதுதான் வழி."

சேர்மனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேச்சியம்மாவுக்குச் சாதகமாக மட்டும் மைனி பேசவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. முதலில் கை தூக்கியவர் அவர்தான். முன்தினம் வரை அவர் எதிர்ப்பார் என்றே நான் எண்ணியிருந்தேன். இலையைத் தானே திருப்பிப் பார்த்த மனிதருக்கு, இனி எது வந்தாலும் சொல்லிவிடுவார்கள் என்ற தைரியம் வந்திருக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியது. பேச்சியம்மா மைனியிடம் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கிப் போனாள்.

தீபாவளிக்குப் பிறகு ஆய்வக முடிவு வந்தது. அந்த விதைக்கு அடையாளம் தெரியாத புதுவகைப் பூஞ்சைதான் என்று உறுதியாயிற்று. மைனி அதை ஒரு வெற்றியாகக் கொண்டாடவில்லை. ஐரோலிப் பக்கத்து வளர்ப்பாளர்கள் எல்லோருக்கும் போன் செய்து அடி இலையைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வகை எதிர்ப்புள்ள புது விதையைக் கம்பெனி கொடுத்தது. பாக்கெட்டை என்னிடம் காட்டி, "புது வாட்ச்மேன். நல்ல ஆளுதான். ஆனா தனியா நிறுத்த மாட்டேன்" என்றார். அதையும் வேறொரு ரகத்தையும், பேச்சியம்மா ஆசைப்பட்ட நாட்டுத் தக்காளியையும் மாற்றி மாற்றி வரிசையாக வைத்தார்கள். வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை. மைனி சொல்வதைப் பேச்சியம்மா செய்வாள், ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டாள். குளிர்காலத்தில் மாடி சிவப்பாக இருந்தது. கோடை வந்ததும் செடிகளை எடுத்துக் கம்பிகளைக் கழுவி அடுக்கினார்கள்.

ஜூன் மாதம், முதல் மழை பெய்த வாரம், மாடிக் கதவு திறந்திருந்தது. புதுத் தொட்டி மூடியைப் பார்க்கப் போனவன், பேச்சியம்மா கோணிப் பையோடு நிற்பதைக் கண்டேன். பையில் சேப்பங்கிழங்கு. மழை மாதங்களில் மராட்டிக்காரர்களும் குஜராத்திகளும் சேம்பு இலைக்கு அலைவார்கள். மாவு தடவிச் சுருட்டி வேகவைத்து, வட்டம் வட்டமாக நறுக்கிப் பொரிப்பார்கள். கணபதிக்கு அது இல்லாமல் ஆகாது. எங்கள் கட்டடத்திலேயே போதுமான வீடுகள் வாங்கும் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். சேர்மன் வீட்டு அம்மாள் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டாராம்.

மைனி ஆபீசுக்குப் புறப்பட்ட சேலையோடு மேலே வந்தார். பேச்சியம்மா குழி தோண்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்: "இதுக்கு அந்தப் பூஞ்சை வராதுல்லா?"

மாதங்களுக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி. வராது என்று மைனி ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"அது வராது" என்றார் மைனி. "சேம்புக்குன்னு வேற நோய் ஒண்ணு உண்டு. விடாம மழை புடிச்சா இலையில வட்டம் வட்டமா அழுகும்."

பேச்சியம்மா ஒரு கிழங்கை எடுத்துக் குழியில் வைத்தாள். மண்ணைத் தள்ளி உள்ளங்கையால் அழுத்தினாள்.

"வரட்டும்" என்றாள். "வந்தா சேர்மன் வீட்டுக் கதவ முதல்ல நான்தான் தட்டுவேன். நீங்க மெதுவா வாங்க."

மைனி கைப்பையைத் தொட்டி மேல் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த குழியைத் தோண்ட உட்கார்ந்தார்.